குதிக்கும் பம்பரத்தைத் தூங்க வைத்தது

கோபிசெட்டிபாளையம் பக்கம் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய கொய்யாக்கட்டைப் பம்பரம், தரையில் விட்டால் தவளை மாதிரி குதித்தது. கட்டையில் குறையில்லை, ஆணி சாய்ந்திருந்தது. பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆணியைக் குறடால் பிடுங்கி, ஓட்டையில் பசை தடவிய மூங்கில் குச்சியை இறுக்கி, ஒரு நாள் காயவிட்டேன். கட்டையைக் கடைந்தபோது விழுந்த வளையங்களின் நடுவே புள்ளி வைத்து 2 மி.மீ. துளை போட்டேன். துளையில்லாமல் அடித்தால் கட்டை பிளந்துவிடும். 3 மி.மீ. கனமுள்ள ஒன்றரை அங்குல ஆணியை, அரை அங்குலம் வெளியே நிற்க அடித்து, கொண்டையை வெட்டி முனையை அரத்தால் உருண்டையாக ராவினேன். கூராக விட்டால் மண்வாசலில் குழி பறிக்கும்.

பிறகு சுற்றவிட்டு, விளிம்பருகே சாக்பீஸை மெல்லக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் ஆணி இன்னும் கோணல், லேசாகத் தட்டவேண்டும். எனக்கு இரண்டு தட்டு போதுமாக இருந்தது; பம்பரம் குதிக்காமல் ஒரே இடத்தில் நின்று சுழன்று 'தூங்கியது'. நூல் சாட்டையை நனைத்துச் சுற்றுங்கள், வழுக்காது.