மலைச் சிவப்பு ஒயினுக்கு அரை மணி நேர ஃபிரிட்ஜ்

அர்ஜென்டினாவின் மெண்டோசா மால்பெக் போன்ற மலைத்தோட்டத்துச் சிவப்பு ஒயினை, ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 16–18 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும். ஆண்டீஸ் அடிவாரத்தில் 1,000 மீட்டருக்கு மேல் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவு குளிரும்; திராட்சையின் தோல் தடித்து, சர்க்கரை ஏறியும் புளிப்பு குறையாது. சர்க்கரை ஏறினால் ஆல்கஹாலும் ஏறும், 14 சதவீதமெல்லாம் சாதாரணம். வெதுவெதுப்பாகக் குடித்தால் அந்த நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசனை அப்புறம்தான். குளிர்ந்தால் நெடி அடங்கிவிடும்.

இரண்டு மணி நேரம் மறந்துவிட்டால் துவர்ப்பு தூக்கலாகிவிடும். கிளாஸை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் ஏந்தினால் சரியாகும். பாட்டில் ஏற்கெனவே குளிர்ந்த அறையில் இருந்தால் இதெல்லாம் வேண்டாம்.