நியூசிலாந்தின் மாகாண ரக்பி சங்கம் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

நியூசிலாந்தில் இன்று 26 மாகாண ரக்பி சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வரலாற்றைத் தமிழில் எழுத நினைப்பவர் தொடக்கத்திலேயே இரண்டு குறிப்பேடுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று சங்கத்துக்கு, மற்றொன்று அந்தச் சங்கத்தின் பெயரில் களமிறங்கிய அணிகளுக்கு. இரண்டையும் ஒரே கதையாக எண்ணி எழுதத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே கணக்கு இடிக்கும். ஆக்லாந்து அணி 1875-இலேயே தெற்கே பயணம் போய்ப் பிற மாகாண அணிகளோடு ஆடித் தோற்றுத் திரும்பியது; ஆக்லாந்து ரக்பி சங்கம் அமைந்ததோ 1883-இல்தான். அணி மூத்தது, சங்கம் இளையது. ஆகவே சங்கம் தொடங்கிய ஆண்டையே அணியின் முதல் ஆண்டாகப் பட்டியலில் போட்டுவிடக் கூடாது.

முதல் குறிப்பேட்டில், அதாவது சங்கத்துக்குரியதில், இரண்டு தேதிகள் தேவை: சங்கம் நிறுவப்பட்ட ஆண்டு, தேசியச் சங்கத்தில் அது இணைந்த ஆண்டு. கேன்டர்பரி, வெலிங்டன் ஆகிய இரண்டும் 1879-இல் தொடங்கின. ஒடாகோ 1881-இலும், ஹாக்ஸ் பே 1884-இலும், சவுத்லாந்து 1887-இலும் வந்தன. 1892-இல் நியூசிலாந்து முழுமைக்குமான சங்கம் அமைக்கப்பட்டபோது கேன்டர்பரி, ஒடாகோ, சவுத்லாந்து ஆகிய மூன்று தென்தீவுச் சங்கங்கள் சேராமல் விலகி நின்று சில ஆண்டுகள் கழித்தே உள்ளே வந்தன என்பதால், இந்த மூன்றுக்கும் இரண்டு தேதிகளையும் பிரித்து எழுதாவிட்டால் வரலாறு தவறாகிவிடும். இன்னொன்றும் உண்டு. நியூசிலாந்து அரசு தன் மாகாண ஆட்சிமுறையை 1876-இலேயே கலைத்துவிட்டது. அதற்குப் பின் பிறந்த ரக்பி சங்கங்கள் மாகாணப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு அவற்றை இன்றுவரை காப்பாற்றி வருகின்றன. ஆட்சியில் இல்லாமல் போன மாகாணம் ஆடுகளத்தில் நீடிக்கிறது எனலாம். எனவே சங்கத்தின் எல்லையை அறிய நிர்வாக வரைபடத்தைப் பார்ப்பதால் பயனில்லை. எந்தெந்தக் கழகங்கள் அதன் கீழ் இருந்தன என்பதே எல்லை.

அடுத்து, இணைப்புகளையும் பிரிவுகளையும் ஒரு தனித்தாளில் கிளைவிடும் கோடுகளாக வரைந்துகொள்ளுங்கள். வைராராபா, புஷ் என்ற இரண்டு சங்கங்கள் 1971-இல் ஒன்றாயின. நெல்சன் பேஸ், மார்ல்பரோ என்ற இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான டாஸ்மன் 2006 பருவத்தில் களம் கண்டது. ஆக்லாந்திலிருந்து 1985-இல் நார்த் ஹார்பர் பிரிந்தது. நார்த் ஆக்லாந்து என்ற பெயர் 1994-இல் நார்த்லாந்து ஆனது. இது பெயர் மாற்றம் மட்டுமே என்பதால் சாதனைகள் அப்படியே தொடரும். இணைப்பில் அப்படிச் செய்ய இயலாது. 1973-இல் கேன்டர்பரியை வென்று, மாகாண அணிகள் மோதிப் பெறும் ரான்ஃபர்லி கேடயத்தைக் கைப்பற்றியது மார்ல்பரோ. அந்த வெற்றியை டாஸ்மனின் பெயரில் எழுதுவது என் பார்வையில் பிழை. முன்னோடிச் சங்கத்தின் சாதனை என்று தனித் தலைப்பின் கீழ் வைப்பதே நேர்மை.

அந்தக் கேடயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மாகாண அணி எதன் வரலாற்றை எழுதினாலும் அதன் நடுவில் இதுதான் நிற்கிறது. ஆளுநராக இருந்த ரான்ஃபர்லி பிரபு வழங்கிய அது, 1902-இல் ஆக்லாந்துக்குப் போட்டி எதுவுமின்றி அளிக்கப்பட்டது. 1904-இல் நடந்த முதல் சவால் ஆட்டத்தில் வெலிங்டன் 6–3 என்று வென்று அதைக் கொண்டுபோனது. வைத்திருக்கும் அணியைத் தோற்கடிப்பவருக்கே கேடயம் என்பதால், இதற்குப் புள்ளிப்பட்டியலோ இறுதியாட்டமோ கிடையாது. ஆகவே கேடயப் பக்கத்தில் கைப்பற்றிய நாள், வெற்றிகரமாகக் காத்த ஆட்டங்களின் எண்ணிக்கை, இழந்த நாள் ஆகிய மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போதும். 1985-இல் கேன்டர்பரியிடமிருந்து ஆக்லாந்து அதைப் பறித்து, 1993-இல் வைகாடோவிடம் இழக்கும் வரை 61 முறை காத்தது என்பதை இந்த அமைப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். போர்க்காலத்தில் கேடய ஆட்டங்கள் நின்றன. இரண்டாம் உலகப்போர் முழுவதும் சவுத்லாந்திடமே அது இருந்தது. அந்த ஆண்டுகளைக் காத்த ஆட்டங்களாக எண்ணிவிட வேண்டாம்.

ஆயினும் நான்காவதாக ஒரு பத்தி தேவைப்படும் ஆட்டம் ஒன்று உண்டு. 1922 முதல் கேடயத்தை வைத்திருந்த ஹாக்ஸ் பே, 1927-இல் வைராராபாவிடம் அதை இழந்தது. சில வாரங்களில் மாஸ்டர்டன் ஊரின் சோல்வே மைதானத்தில் இரு அணிகளும் மீண்டும் மோதின. ஆட்டம் முரட்டுத்தனமாக மாறி, ஹாக்ஸ் பேயின் மோரிஸ் பிரவுன்லியும் வைராராபாவின் குவென்டின் டொனால்டும் வெளியேற்றப்பட்டார்கள். ஹாக்ஸ் பே 21–10 என்று வென்றது. ஆனால் ஹாக்ஸ் பே அணியில் ஆடிய வாட்டி பார்க்லே, விதி கேட்ட அளவு நாள்கள் அந்த மாகாணத்தில் வசிக்கவில்லை என்று முறையீடு எழுந்தது. அது ஏற்கப்பட்டு, கேடயம் வைராராபாவிடமே இருந்தது. களத்தின் முடிவு ஒன்று, கேடயத்தின் முடிவு வேறு. ஒற்றைப் பத்தியில் 'வெற்றி' என்றோ 'தோல்வி' என்றோ எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகும். அதே ஆண்டில் வைராராபாவிடமிருந்து கேடயத்தை வென்ற மனாஃபெனுவா, மனவாட்டுவும் ஹோரோஃபெனுவாவும் சில ஆண்டுகள் மட்டும் இணைந்திருந்தபோது அமைந்த சங்கம். 1930-களின் தொடக்கத்தில் அவை மீண்டும் பிரிந்துகொண்டன. நீங்கள் வரைந்த கிளைத்தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

பழைய ஆட்டங்களின் புள்ளிக் கணக்குகளை இன்றைய கண்ணால் படிக்கக் கூடாது. மூன்று ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது), அவற்றில் இரண்டுக்குக் கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு இடையே உதைத்துப் பெறும் கூடுதல் புள்ளி), ஒரு பெனால்டி (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை) என்று வைத்துக்கொள்வோம். 1950-இல் இதற்கு 16 புள்ளிகள். ட்ரையின் மதிப்பு 4 ஆக இருந்த 1980-இல் 19. அது 5 ஆன 1992-க்குப் பின் 22. டிராப் கோல் (ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் விட்டு உதைத்து அடிப்பது) 1948 வரை 4 புள்ளிகள் பெற்று, பின்னர் 3 ஆகக் குறைந்தது. எனவே, 'மிகப் பெரிய வெற்றி' என்ற பட்டியலைப் போடுபவர் பக்கத்தில் ட்ரைகளின் எண்ணிக்கையையும் தருவது நல்லது. 1956-இல் ஹாமில்டனில் வைகாடோ அணி தென்னாப்பிரிக்காவை 14–10 என்று வீழ்த்தியதன் எடை இன்றைய எண்களில் தெரியாது.

போட்டிகளைப் பொறுத்தவரை வேலை எளிது. தேசிய மாகாணச் சாம்பியன்ஷிப் 1976-இல் தொடங்கியது. முதல் பட்டம் பே ஆஃப் பிளென்டிக்கு. 2006-இல் பெரிய சங்கங்கள் ஒரு போட்டிக்கும், சிறிய 12 சங்கங்கள் ஹார்ட்லாந்து சாம்பியன்ஷிப்புக்கும் பிரிந்தன. மகளிருக்கான மாகாணப் போட்டி 1999 முதல் நடக்கிறது. அதை வாலில் ஒட்டாமல் அணிகளின் குறிப்பேட்டில் சம இடம் கொடுத்து எழுதுங்கள். 1996-இல் வந்த சூப்பர் ரக்பி என்ற பன்னாட்டுப் போட்டியின் வட்டார அணிகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. க்ரூசேடர்ஸ் அணியின் கோப்பைகளைக் கேன்டர்பரியின் பெயரில் எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் தவறு. அந்த அணியின் வட்டாரத்தில் வேறு பல சங்கங்களும் அடங்கும்.

மூலங்களுக்கு, நியூசிலாந்து தேசிய நூலகத்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ரக்பி என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். அந்நாளைய இதழ்கள் பெரும்பாலும் ஃபுட்பால் என்ற தலைப்பின் கீழேயே இந்தச் செய்திகளை வெளியிட்டன. ஆட்டத்துக்கு முன் அறிவிக்கப்பட்ட அணியைப் பார்த்து வீரர்களின் முதல் ஆட்டத்தைக் குறித்துவிடவும் கூடாது. காயத்தாலோ வர இயலாமையாலோ ஆட்கள் மாறியிருக்கக்கூடும். ஆட்டம் முடிந்த பின் வந்த செய்தியோடு ஒப்பிட்டு, இரண்டும் வேறுபட்டால் பின்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932-க்கு முந்தைய அணிகளில் ஸ்க்ரமுக்கு (இரு அணியினரும் தோள்கோத்துத் தள்ளிப் பந்துக்கு மோதும் அமைப்பு) ஏழு பேரும், 'விங் ஃபார்வர்டு' என்று தனியாக ஒருவரும் இருப்பார்கள். அது அச்சுப்பிழையன்று, அக்கால நியூசிலாந்து ஆட்டமுறை.

கடைசியாகப் பெயர்களின் எழுத்து. மாவோரி ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அப்படியே தமிழாக்கினால் ஒலி பிசகும். மனாஃபெனுவா, ஹோரோஃபெனுவா, ஃபாங்காரெய் ஆகியவற்றில் வரும் wh என்ற இணையெழுத்துக்கு ஃப என்பதே பொருந்துகிறது. ஆனால் வாங்கனுயி வட்டார மக்கள் அதே இணையெழுத்தை வகரத்தை ஒட்டியே ஒலிக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரே வடிவத்தை முன்கூட்டியே முடிவு செய்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.