ஏராவில் செய்த தப்பு பாய்மரத்தில் தெரியும்: வீட்டில் மரக் கப்பல் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் மாடல் கப்பலை ஒன்பது மாதம் கட்டினேன். பாய்மரம் நட்ட அன்றைக்குத்தான் அது கோணல் என்று தெரிந்தது. நேர் முன்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முன்மரம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பின்மரம் வலப்பக்கம். கயிற்றை இறுக்கினால் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் இழுத்துப் பார்த்தேன். நூல் அறுந்ததுதான் மிச்சம். தப்பு பாய்மரத்தில் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் வெட்டிய ஏராவில் இருந்தது.

ஏரா என்றால் கப்பலின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற நீள மரம். கிட் வாங்காமல் முதலிலிருந்து நாமே வெட்டிக் கட்டும்போது பெரிய தொந்தரவே இதுதான்: இன்று செய்த தப்பு இன்று தெரியாது. பலகை அடித்து, தளம் போட்டு, பெயின்ட் அடித்த பிறகு வந்து நிற்கும். அதனால் கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் நடக்கிற தப்புகள். எல்லாவற்றையும் நானே செய்து பார்த்திருக்கிறேன்.

எந்தக் கப்பல்?

எல்லாரும் முதலில் விக்டரிக்குத்தான் போவார்கள். 1765இல் கடலில் இறங்கிய, 104 பீரங்கி வைத்த பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1:72 அளவில் கட்டினாலும் உடல் மட்டும் ஏறக்குறைய 96 சென்டிமீட்டர் வரும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரம் தனி. பெரம்பூரில் என் வீட்டு ஷோகேஸ் அகலம் 80. அது போகட்டும், ஒரே பீரங்கியை 104 தடவை செய்ய வேண்டும் என்பதை யோசியுங்கள். இருபதாவதிலேயே வெறுத்துவிடும்.

இரண்டு பாய்மரக் கப்பல் ஒன்றை எடுங்கள். கனடாவின் லூனன்பர்க்கில் 1921இல் கட்டிய புளூநோஸ் நல்ல தொடக்கம். 143 அடிக் கப்பலின் உடல் 1:64இல் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர்தான் வரும். நம் பக்கத்துக் கப்பல்தான் வேண்டும் என்றால் தூத்துக்குடித் தோணி இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி இருக்கிறது; 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. ஒருவர் என்னிடம் வ.உ.சி.யின் கப்பலைப் பாய்மரத்தோடு கட்டப்போவதாகச் சொன்னார். 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ இரண்டும் நீராவிக் கப்பல்கள். பாவம், அவர் வரைபடம் தேடியே இரண்டு மாதம் போயிருந்தது.

வரைபடம்

வரைபடத்தின் ஃபைலை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போவோம். கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று நல்ல மனசோடு "ஃபிட் டு பேஜ்" தட்டிவிடுவான். நூறு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிற அளவுகோல் தாளில் தொண்ணூற்றேழு இருக்கும். பக்கத் தோற்றம் ஒரு தாள், குறுக்கு வெட்டு இன்னொரு தாள் என்றால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, ஒன்றோடு ஒன்று சேராது. கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஸ்கேல் வைத்து நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். சில மெஷின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் இருக்கும் கோடு பலகையின் வெளி விளிம்பா, அதற்கு உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் குறுக்குச் சட்டத்தின் விளிம்பா? பழைய பிரிட்டிஷ் கடற்படை வரைபடங்கள் பொதுவாகச் சட்டத்தின் வெளி விளிம்பைத்தான் காட்டும். வேறு பல வரைபடங்களில் பலகை உட்பட வரைந்திருப்பார்கள். அப்படி இருந்தால் சட்டத்தை வெட்டும்போது பலகைத் தடிப்பைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் 2 மில்லிமீட்டர் பலகைக்கு இரு பக்கமும் சேர்த்து 4 மில்லிமீட்டர் கூடும். 1:64இல் அது நிஜக் கப்பலை இருபத்தைந்து சென்டிமீட்டர் பருமனாக்கிய கணக்கு. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் கப்பல் தொப்பை போட்ட மாதிரி தெரியும்.

கட்டை

தேக்கில் கட்டினால் ஆயுசுக்கும் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். நிஜக் கப்பலுக்கு அது உண்மை. பம்பாயில் தேக்கில் கட்டிய டிரிங்கமாலி 1817இல் கடலில் இறங்கியது, இன்றைக்கும் இங்கிலாந்தில் மிதக்கிறது. மாடலுக்குத் தேக்கு சரிப்படாது. அதன் ரேகை பெரிது, துளையும் பெரிது. கால் மில்லிமீட்டர் துளை 1:64இல் விரல் நுழையும் ஓட்டை. ஒரு பலகையைப் பார்த்தாலே "இது பொம்மை" என்று சொல்லிவிடும். எண்ணெய்ப் பசை வேறு. இழைத்துச் சில நாள் ஆன தேக்கில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுகிற அன்றைக்கே எமரி தேய்த்துத் துடைக்க வேண்டும்.

நெருக்கமான ரேகை உள்ள கட்டைதான் வேண்டும். மஞ்சக்கடம்பு நன்றாக இருக்கும். வெட்பாலை இன்னும் வெளுப்பு, வழவழவென்று இருக்கும். கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப்பொம்மைகளைக் கடைவது அதில்தான். இரண்டும் கிடைக்காவிட்டால் சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் மரக்கடைகளில் ஸ்டீம் பீச் (ஆவியில் பதப்படுத்திய பீச் மரம்) துண்டு கேளுங்கள். கதவு நிலைக்கு அறுத்தது போக மிஞ்சிய துண்டே நமக்கு ஒரு கப்பலுக்குக் காணும். பால்சா வேண்டவே வேண்டாம், நகம் பட்டாலே குழி விழும். எந்தக் கட்டையானாலும் வைரம் பார்த்து வாங்குங்கள். வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையில் உளு வைத்தால் ஷோகேஸ் தட்டில் மாவு கொட்டிக் கிடக்கும்.

ஏராவுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் பிளைவுட் போதும். ஆனால் வாங்கும்போது நேராக இருந்த சாதா பிளைவுட், பால்கனியில் ஒரு வாரம் சாய்த்து வைத்ததில் வளைந்திருக்கும். என் முதல் ஏராவின் கதை அதுதான். வெட்டியதும் சமையலறை கிரானைட் மேடையில் படுக்க வைத்து, நாலு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். எங்கேயாவது டக் டக் என்று ஆடினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். சட்டங்களை ஒட்டினால் தானாக நிமிர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். நிமிராது.

பலகை அடிப்பது

இங்கேதான் நிறையப் பேர் கப்பலை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுகிறார்கள்.

முதலில், சட்டங்களின் ஓரத்தைச் சாய்த்து ராவாமல் பலகையை ஒட்டக்கூடாது. மெல்லிய ரீப்பர் ஒன்றை அணியத்திலிருந்து (கப்பலின் முன்பக்கம்) கடையால் (பின்பக்கம்) வரை வளைத்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் முழு ஓரமும் ரீப்பரைத் தொட வேண்டும். முனை மட்டும் தொட்டால் அங்கே இன்னும் ராவ வேண்டும். தொடவே இல்லையென்றால் அந்த இடம் பள்ளம். மெல்லிய சீவல் ஒட்டி நிரப்ப வேண்டும். எனக்கு இந்த வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடிக்கிறது. முதல் கப்பலில் ஒரு மாலையில் முடித்தேன். வித்தியாசம் இன்றைக்கும் அதன் விலாவில் தெரிகிறது.

அடுத்தது கணக்கு. கப்பல் நடுவில் பருத்து, முன்னால் ஒடுங்குகிறது. நடுச்சட்டத்தில் ஏராவிலிருந்து தளம் வரை விளிம்போடு அளந்தால் 120 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் பலகை என்றால் 24 வரிசை. அணியத்தில் அதே அளவு 72தான். அதே 24 பலகையும் அங்கே போய் முடிய வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் முனையில் 3 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் முழு அகலப் பலகையை வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தால், ஏழெட்டு வரிசைக்குள் முன்முனை மேலே ஏறிக்கொள்ளும். அப்புறம் பலகையைப் பக்கவாட்டில் வளைத்து அழுத்துவோம். ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும். ஒடுக்குவதற்கும் எல்லை உண்டு. பாதி அகலத்துக்குக் கீழே போகாதீர்கள். போகிற மாதிரி இருந்தால் இரண்டு வரிசையை முனையில் ஒன்றாக்கிவிடுங்கள். கடையால் பக்கம் தலைகீழ், அங்கே இடைவெளி விரியும். அதற்கு ஆப்பு வடிவத் துண்டு செருகுவார்கள்.

இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால், காய்கிற பலகை ஏராவைத் தன் பக்கம் முறுக்கிவிடும்.

வளைப்பதற்கு நான் புட்டுக்குழலைப் பயன்படுத்துகிறேன். கீழே தண்ணீர் கொதிக்க, குழலுக்குள் பலகை முனையைச் செருகிப் பத்து நிமிடம் வைத்தால் 2 மில்லிமீட்டர் பீச் ரப்பர் மாதிரி வளையும். (வீட்டில் புதுப் புட்டுக்குழல் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.) வளைத்து, சட்டத்தில் கிளிப் போட்டு, மறுநாள்தான் ஒட்ட வேண்டும். நான் அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினேன். எங்கள் தெருவில் கதவு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்தார். விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "சார், ஈரக்கட்டைய ஒட்டினா அது சும்மா இருக்காது. காயும்போது கைய கால இழுத்துக்கும். சித்திரையில வந்து பாருங்க, உள்ள வெளிச்சம் தெரியும்."

தெரிந்தது. மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கிலேயே வராது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஒவ்வொரு பலகையிலும் நூற்றில் ஒரு பங்குதான் என்றாலும் 24 வரிசைக்குச் சேர்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். அப்போது உலர்ந்த மாதிரி தோன்றும் பலகைகூட உலர்ந்தது இல்லை. ஏசி அறையில் கட்டிவிட்டுக் கப்பலை ஹாலில் கொண்டுவந்து வைப்பவர்களுக்கு இதே தொல்லை தலைகீழாக வரும், பலகை உப்பிக்கொண்டு எழும்பும். கப்பல் எந்த அறையில் நிற்கப் போகிறதோ அங்கேயே கட்டையை ஒரு மாதம் வைத்திருந்து, அங்கேயே கட்டுங்கள்.

பசை பற்றி இரண்டே விஷயம். வழிந்த ஃபெவிகாலை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது, வெள்ளைத் திட்டு நிற்கும். ஃபெவிக்விக்கில் முழுக் கப்பலையும் ஒட்டாதீர்கள், அந்த ஒட்டு வறண்டு படக்கென்று விடும். அப்புறம், பிடிமானத்துக்கு இரும்பு ஆணி அடித்தால் கடற்காற்றில் துருப்பிடித்துக் கட்டையில் கறுப்பு வட்டம் விழும். பித்தளை ஊசி வாங்குங்கள்.

கயிறு

பழைய பிரிட்டிஷ் அட்டவணையில் "நங்கூர வடம் 18 அங்குலம்" என்று இருக்கும். அது விட்டம் இல்லை, சுற்றளவு. 1:72 மாடலுக்கு அதைத் தெரியாமல் 72ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கப்பலில் மலைப்பாம்பு படுத்திருப்பது போல் இருக்கும். முதலில் 3.14ஆல் வகுத்து விட்டம் கண்டுபிடித்து, அப்புறம் 72ஆல் வகுத்தால் சரியாக 2 மில்லிமீட்டர். நான் சுற்றளவையே விட்டமாக எடுத்துக்கொண்டு எல்லாக் கயிறும் வாங்கி வைத்திருந்தேன். மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும் என்று தெரிந்தபோது அதெல்லாம் துணி காயப்போடத்தான் ஆயிற்று.

பருத்தி நூல் ஈரக் காற்றில் இறுகும், வெயிலில் தொய்யும். பஞ்சு வேறு பிரியும். பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கறுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. கடைக்காரர் ஒரே நிறத்தில் ஒரு கண்டு கொடுத்தால் வாங்கி வராதீர்கள்.

கப்பிகளையும் கொக்கிகளையும் பாய்மரம் மேஜையில் படுத்திருக்கும்போதே கட்டிவிடுங்கள். நட்ட பிறகு நம் விரல் உள்ளே நுழையாது. மாலுமி ஏறும் குறுக்குக் கயிறுகளைக் கட்டும்போது இறுக்கி இழுத்தால் இரு பக்கத்து நிலைக்கயிறுகளும் நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்கும். முதல் முடிச்சிலேயே அது தெரியாது, பன்னிரண்டாவதில் தெரியும். நாலைந்து முடிச்சுக்கு ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள்.

இரண்டாவது கப்பலில் இப்போது பதினான்காவது வரிசைப் பலகையில் நிற்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, வேலையை நிறுத்திவிட்டேன். அறுத்து வைத்த பத்து ஜோடிப் பலகையும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, சிலிக்கா பைகளோடு படுத்திருக்கின்றன. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போதெல்லாம் ஒன்று கீழே விழுகிறது. விழும்போதெல்லாம் எனக்குத் திட்டு விழுகிறது. தை பிறக்கட்டும்.