வாய் அசையாமல் பேசும் படகு: குழந்தைகளுக்கான பாவைப் படம் ஒன்றை வீட்டில் எடுக்கும் முறை

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட ‘தியோடர் டக்போட்’ என்ற குழந்தைகள் தொடர், 1993 முதல் 2001 வரை 130 பகுதிகளாக வெளிவந்தது. அதில் வரும் இழுவைப் படகுகள் எல்லாம் பேசும்; ஆனால் ஒன்றின் வாய்கூட அசையாது. அதற்கு முன், 1984இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘தாமஸ்’ ரயில் தொடரும், அந்த ரயில் தொடரின் இயக்குநர் டேவிட் மிட்டன், ராபர்ட் கார்டோனாவுடன் சேர்ந்து 1989இல் 13 பகுதிகளாக எடுத்த ‘டக்ஸ்’ என்ற படகுத் தொடரும் இதே வழியில்தான் சென்றன. முகம் உறைந்திருக்கும், கண்கள் மட்டும் திரும்பும், உணர்ச்சி மாறவேண்டிய இடத்தில் காட்சியை வெட்டி, வேறு முகத்தைப் பொருத்தி, மீண்டும் படம் எடுப்பார்கள். வீட்டிலோ பள்ளியிலோ ஐந்து நிமிடப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஏனென்றால் வாயை அசைக்கும் பொறியமைப்புத்தான் பாவை செய்வதில் மிகக் கடினமான பகுதி. அது தேவையே இல்லை என்பதை இந்த மூன்று தொடர்களும் நிரூபித்துவிட்டன.

வண்டி எதுவாகவும் இருக்கலாம் என்றாலும், முதல் முயற்சிக்கு இழுவைப் படகையே நான் பரிந்துரைப்பேன். லாரிக்கும் காருக்கும் சக்கரம் சுழல வேண்டும், சாலை வேண்டும். படகு தண்ணீரில் வழுக்கிச் சென்றாலே போதும். அதன் அறையின் முன்சுவர் முகம் வைப்பதற்கென்றே அமைந்தது போல இருக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கப்பலைத் தள்ளுவதும் இழுப்பதும் அதன் அன்றாட வேலை என்பதால், கதையும் அந்த வேலையிலிருந்தே பிறந்துவிடும்.

40 செ.மீ. நீளமும் 14 செ.மீ. அகலமும் உள்ள உடலைத் தெர்மோகோல் பலகைகளை ஒட்டி, சீவி, மேலே ஃபெவிகால் தடவிய செய்தித்தாளை மூன்று நான்கு அடுக்காகப் போர்த்திச் செய்யுங்கள்; நன்றாகக் காய்ந்தபின் எனாமல் வண்ணம் இரண்டு முறை பூசினால் தண்ணீர் உள்ளே இறங்காது. இதில் பலரும் மறந்துவிடுவது எடை. நான் செய்த முதல் படகு மிக லேசாக இருந்ததால், சிறு அலைக்கும் தக்கையைப் போலத் துள்ளியது. எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டியும் அது படகாகத் தோன்றவில்லை. இந்த அளவுள்ள படகு 6 செ.மீ. ஆழம் தண்ணீரில் அமிழ வேண்டுமானால் மொத்தம் ஏறத்தாழ 2 கிலோ இருக்க வேண்டும். அடிப்பகுதியைக் குடைந்து இரும்பு போல்ட்டுகளை வரிசையாகப் பதித்து, எம்-சீல் கொண்டு மூடிவிடுங்கள்.

இனி கண்கள், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இரண்டு பிங்பாங் பந்துகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் கீழும் துளையிட்டு, செங்குத்தாக ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியைச் செருகினால் பந்து இடமும் வலமுமாகத் திரும்பும். ஒவ்வொரு பந்தின் பின்புறத்திலும் 3 செ.மீ. நீளமுள்ள கம்பிக் கையை ஒட்டி, இரண்டு கைகளின் நுனிகளையும் ஒரே குறுக்குக் குச்சியில் தளர்வாகப் பிணைத்துவிட்டால், குச்சியை நகர்த்தும்போது இரண்டு கண்களும் சேர்ந்தே திரும்பும். அந்தக் குச்சியை 9 கிராம் செர்வோ மோட்டாரும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) நகர்த்தலாம். படகின் பின்பக்கமாக வெளியே நீட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையும் நகர்த்தலாம். கையால் நகர்த்தும்போது வரும் சிறு தயக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கருவிழியை வரையும்போது, அதன் மேல்விளிம்பு இமைக்குள் சற்று மறைந்திருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முழு வட்டமும் வெளியே தெரிந்தால் படகு எப்போதும் திடுக்கிட்டிருப்பது போலவே தெரியும்.

முகங்கள் தனித்தனி முகமூடிகள். களிமண்ணில் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்து, கொலு பொம்மை செய்பவர்கள் செய்வது போல அச்சுக்குள் காகிதக்கூழை அழுத்தி எடுக்கலாம். அமைதி, மகிழ்ச்சி, கவலை, கோபம், களைப்பு என்று ஐந்து முகங்கள் போதும். கண்ணுக்கான ஓட்டைகள் ஐந்திலும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்பதால், ஒரே அடிப்படை முகத்திலிருந்து தொடங்கி, புருவத்தையும் வாயையும் மட்டும் மாற்றுங்கள். முகமூடியின் பின்னால் இரண்டு சிறு காந்தங்களையும், அறையின் முன்சுவரில் அவற்றுக்கு நேராக இரண்டு இரும்புத் துண்டுகளையும் ஒட்டிவிட்டால், அரை நிமிடத்தில் முகத்தை மாற்றிவிடலாம்.

மரச்சட்டத்தின்மேல் தார்ப்பாய் விரித்து, 2.5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தொட்டி அமைத்து, 15 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். அது ஏறத்தாழ 560 லிட்டர், அதாவது 560 கிலோ. ஆகவே தொட்டி தரையில்தான் இருக்க வேண்டும், மாடியில் வேண்டாம். அடித்தளம் தெரியாதிருக்கக் கடுந்தேயிலைச் சாற்றைக் கலந்தால், துறைமுகத் தண்ணீரின் கலங்கல் நிறம் வந்துவிடும். பிறகு அதைச் செடிகளுக்கே ஊற்றிவிடலாம். படகை முன்னால் இழுக்கத் தங்கூசி நரம்பு, அதாவது மெல்லிய நைலான் தூண்டில் இழை, போதும். தண்ணீரின் அருகே பேட்டரியில் இயங்கும் கருவிகளைத் தவிர வேறு மின்கருவி எதுவும் இருக்கக் கூடாது. சிறு குழந்தைகளைத் தொட்டியருகே தனியே விடவும் கூடாது.

படம் பிடிக்கும்போது எதிர்ப்படும் பெரிய சிக்கல் தண்ணீர்தான். படகைச் சிறிதாக்கலாம், அலையின் வேகத்தைச் சிறிதாக்க முடியாது. தொட்டியில் எழும் அலை படபடவென்று ஓடி, எல்லாம் பொம்மைதான் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மருந்து, வேகமாகப் படம் எடுத்து மெதுவாக ஓட்டுவது. எத்தனை மடங்கு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: அசல் படகு மாதிரியைவிட எத்தனை மடங்கு பெரியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலம். 10 மீட்டர் படகை 40 செ.மீ. மாதிரியாகச் செய்தால் 25 மடங்கு, வர்க்கமூலம் 5. விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள், ஓட வேண்டிய படத்தை 125 ஃபிரேமில் எடுக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள 120 ஃபிரேம் வசதி அதற்குப் பொருந்திவிடும். அந்தக் காட்சியில் படகை விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் இழுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது, பாரத்தோடு நகரும் படகின் நிதானம் தெரியும். குழல்விளக்கு இந்த வேகத்தில் மினுமினுக்கும் என்பதால், காலை வெயிலில் எடுப்பதே நல்லது.

ஆனால் மெதுவாக ஓட்டினால் கண்களும் மெதுவாகத்தான் திரும்பும். எனவே காட்சிகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். படகு நகர்வது, கயிறு இறுகுவது, அலை மோதுவது ஆகியவை எல்லாம் 120 ஃபிரேமில், சற்றுத் தொலைவிலிருந்து. பேசும் காட்சிகள் 25 ஃபிரேமில், நெருக்கத்தில், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது. இரண்டு வகைக்கும் கேமராவின் லென்ஸ் படகின் கண்மட்டத்தைவிட உயரக் கூடாது. மேலிருந்து பார்த்தால் அது பொம்மை. கண்ணோடு கண் பார்த்தால்தான் அது பாத்திரம்.

குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதை ஒலிக்கவிட்டபடியே பேசும் காட்சிகளை எடுங்கள். தியோடர் தொடரில் துறைமுக அதிகாரியாக வந்த டென்னி டொஹெர்ட்டி கதையையும் சொல்லி, படகுகளின் குரல்களையும் தாமே கொடுத்தார். நம் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரே எல்லாருக்குமாகப் பேசுவது போல. ஒருவரே பேசுவதால் வாய் அசையாத குறை மறைந்து, கேட்பவர் கதையாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறார். பேச்சு தொடங்கச் சற்று முன்பே கண் திரும்பிவிட வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால் இயந்திரத்தனமாக இருக்கும். ஒரு படகு பேசும்போது மற்றதன் கண்கள் அதைப் பார்க்கட்டும். எந்தப் படகு பேசுகிறது என்பதைக் குழந்தைகள் அதை வைத்தே தெரிந்துகொள்கிறார்கள்.

வெட்டி ஒட்டி முடித்ததும், ஒலியை அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒரு குழந்தைக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். ‘இந்தப் படகு ஏன் கோபமாக இருக்கிறது?’ என்று சரியான இடத்தில் கேட்டால் படம் தயார். கேட்கவில்லையென்றால், அந்தக் காட்சியின் முகத்தையும் கண்ணையும் மட்டும் மாற்றி மறுபடி எடுத்துவிடலாம். தொட்டியை அதுவரை வடிக்காமல் வைத்திருங்கள்.