கையேடு மட்டும் போதாது, கூடவே இருந்து சேர்த்துவிடுங்கள்

குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான சேவைகளை ஒருங்கிணைக்க வருகிறவர்கள் முதல் வேலையாக எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்று ஒரு கையேடு போடுவார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் நான் பார்த்த பெற்றோரில் பலருக்கு முகவரி தெரியாதது பிரச்சினையே இல்லை. நாலு இடத்துக்கு அலைந்து, நாலு இடத்திலும் அதே கதையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்கள்.

கையேட்டுக்குத் தகவல் சேர்க்கும்போது அமைப்பின் தலைவரை விட்டுவிட்டு, வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். எந்த வயதுவரை சேர்ப்பார்கள், என்னென்ன தாள்கள் வேண்டும், காத்திருப்பு எத்தனை வாரம், தம்பி தங்கையைக் கூட அழைத்து வரலாமா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணுக்கும் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

அடுத்தது குடும்பத்தை இன்னோர் அமைப்பிடம் கைமாற்றிவிடுவது. உயிர்நாடியே இதுதான். "அங்கே போய்ப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதைப் பரிந்துரை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. அம்மாவோ அப்பாவோ எதிரில் இருக்கும்போதே போனைப் போட்டு, நாளும் நேரமும் வாங்கி, யாரைப் பார்க்க வேண்டும் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பக்கமும் விசாரியுங்கள். போகவில்லை என்றால் உடனே கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் வருடக்கணக்கில் அந்தக் குடும்பத்தைத் துரத்தும். விசாரித்தால் வேலை நேரம் இடித்திருக்கும், படிவம் புரிந்திருக்காது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

தகவலைப் பகிர்வதற்கு முன் சம்மதம் வாங்குங்கள். யாருக்கு, எதை, எத்தனை காலத்துக்கு என்று மூன்றையும் சொல்லி வாங்குவதுதான் சம்மதம். பேச்சுப் பயிற்சியாளருக்குக் குழந்தையின் வயதும் அது பேசும் சொற்களும் தெரிந்தால் போதும், வீட்டுச் சண்டை எதற்கு? ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்குச் சொல்லியாக வேண்டும். இதைப் பெற்றோர் மனம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும்.

மாதம் ஒருமுறை எல்லா அமைப்புகளும் கூடும் கூட்டம், ஒரு மணி நேரம். களத்தில் வேலை செய்கிறவர்கள் வரட்டும். அங்கே எந்தக் குடும்பத்தின் பெயரும் வரக்கூடாது. ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தக் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு தனியாகக் கூடுங்கள். பிள்ளைக்குக் கருத்துச் சொல்லும் பக்குவம் இருந்தால் அதையும் கேளுங்கள். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஐந்து அமைப்புகள் ஒரு வீட்டுக்கு உதவினாலும், அந்த வீட்டார் கூப்பிட ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். அது யார் என்று குடும்பத்தோடு கூடும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய 'ஷ்யூர் ஸ்டார்ட்' அப்படித்தான் சிறு குழந்தைகளுக்கான சுகாதாரம், பராமரிப்பு, பெற்றோர் ஆதரவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. கட்டடம் கிடைக்காதவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டே தொடங்கலாம்.

காத்திருப்புப் பட்டியலைச் சும்மா விடாதீர்கள். கருவில் தொடங்கி இரண்டு வயதுவரை உள்ள ஆயிரம் நாட்கள் வளர்ச்சிக்கு அத்தனை முக்கியம். அதில் நான்கு மாதம் வரிசையில் கழிந்தால் சின்ன விஷயமா? முறை வரும்வரை ஒரு விளையாட்டுக் குழுவிலாவது சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. எத்தனை பேரை அனுப்பினோம் என்ற எண்ணிக்கை அறிக்கைக்கு அழகாக இருக்கும். எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இரண்டாவது முறையும் போனார்கள் என்பதற்குத் தனிப் பத்தி போட்டு வையுங்கள். நிதி தருகிறவர்கள் கேட்காவிட்டாலும் அதைக் காட்டுங்கள்.