பெயரைப் பார்த்து மதம் எழுதும் தம்பிகளுக்கு

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஒரு வாக்குச்சாவடியின் பட்டியல் முழுவதையும் ஏற்றியிருந்தார். பெயர், தந்தை பெயர், வீட்டு எண், வயது. கடைசியில் அவராகவே சேர்த்த ஒரு கட்டம்: மதம். பட்டியலில் தங்கராஜ் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் ‘கிறிஸ்தவர்’ என்று போட்டிருந்தார். அதில் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி பிரிப்பவரே அவர்தான்.

திட்ட வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இதே வேலையைச் சிவப்புப் பென்சிலை வைத்துச் செய்தவன் நான்.

நெல்லைச் சீமையில் தேர்தல்தோறும் கருத்துக்கணிப்புக்கும் வேட்பாளர்களுக்கும் களவேலை பார்த்து வருகிறேன். பூட்டிய வீட்டுக்கு மறுநாள் போங்கள், ஒரே தெருவில் எல்லாரையும் கேட்காதீர்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு தலைவரை மக்கள் ஏற்பதிலும் தள்ளுவதிலும் மதம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் வழுக்குகிறார்கள். வழுக்கும் இடங்கள் இவை.

வென்றவரின் மதத்தை வைத்து ஊருக்குச் சான்றிதழ் கொடுப்பது

பாளையங்கோட்டையில் 2001 முதல் 2016 வரை நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் தி.மு.க.வின் மைதீன்கான் வென்றார். 2021இல் அதே கட்சியின் அப்துல் வகாப். ‘மேலப்பாளையம் ஓட்டு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையம் பெரிய பகுதிதான், ஆனால் அது மட்டுமே தொகுதி இல்லை. ஊசிக் கோபுரம் என்னும் தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும், சிவன் கோயில் தெருக்களிலும் உதயசூரியனில் அழுத்தியவர்கள் உண்டு. அதே 2021இல் அடுத்திருக்கும் திருநெல்வேலித் தொகுதியில் நயினார் நாகேந்திரன் தாமரையில் வென்றார். 2001இலும் 2011இலும் அங்கே இரட்டை இலையில் வென்றவரும் அவரே. 2024 மக்களவைத் தேர்தலில் இந்த இரண்டு தொகுதிகளும் அடங்கிய திருநெல்வேலியில் அவரைத் தோற்கடித்தவர் காங்கிரசின் ராபர்ட் புரூஸ். மூன்று முடிவுகளுக்கும் மதத்தை மட்டும் காரணமாகச் சொன்னால், மூன்று வருடங்களில் இந்த ஊரில் ஆள் மாறிவிட்டதாகத்தான் கணக்கு வரும். சின்னம், கூட்டணி, வேட்பாளரின் சாதி, தொகுதியில் அவருக்கு எத்தனை வருடப் பழக்கம் என்று எல்லாம் கலந்து கிடக்கும் குழம்பில் மதமும் ஒரு சரக்கு.

பெயரைப் பார்த்து மதம் எழுதுவது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

2011 உள்ளாட்சித் தேர்தல். நாங்குநேரிப் பக்கம் ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நின்ற ஒருவருக்காக வேலை பார்த்தேன். அவர் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர். ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் மூன்று இரவுகள் உட்கார்ந்து பட்டியலைக் குறித்தேன். கிறிஸ்தவர் சிவப்பு, இந்து நீலம், முஸ்லிம் பச்சை. முஸ்லிம் பெயர்களில் பெரிதாகச் சிக்கல் இல்லை. மற்ற இரண்டில்தான் கோட்டை விட்டேன். இங்கே செல்வராஜ், ஜெயராஜ், பொன்னையா, ராஜதுரை என்ற பெயர்கள் இரு பக்கமும் உண்டு. அண்ணன் கோயிலுக்கும் தம்பி சபைக்கும் போகிற வீடுகள் உண்டு. பேச்சியம்மாள் கல்யாணமாகி ஜெபமாலையோடு இருப்பார், பட்டியலில் பேச்சியம்மாளாகவே இருப்பார். பெண் கொடுத்து எடுப்பது சாதிக்குள், பெயர் வைப்பது தாத்தாவை நினைத்து. இதில் எந்தப் பென்சில் என்ன கண்டுபிடிக்கும்?

குறித்து முடித்துக் கூட்டினேன். சிவப்பு மட்டுமே வெற்றிக்குப் போதும் என்று வந்தது. வேட்பாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீலத் தெருக்களுக்கு அலைய வேண்டாம், இருக்கிற ஐந்து நாளையும் சிவப்பில் செலவழிப்போம் என்று முடிவெடுத்தோம். யோசனை சொன்னதே நான்தான்.

தோற்றார். கௌரவமாகக்கூடத் தோற்கவில்லை.

பிறகு அந்த ஊர்களுக்கு நானே பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். முதல் அடி, சிவப்பில் பலர் சிவப்பே இல்லை. இரண்டாவது, உண்மையான சிவப்பும் ஒன்றாக இல்லை. சி.எஸ்.ஐ. சபையின் நிர்வாகத்துக்கு நடக்கும் திருமண்டலத் தேர்தலில், முந்தைய தடவை நம் வேட்பாளர் ஓர் அணிக்காக வரிந்துகட்டி நின்றிருக்கிறார். எதிரணிக் குடும்பங்கள் சபைப் பள்ளிக்கூடங்களில் வேலை கிடைக்காத கோபத்தை நெஞ்சிலேயே வைத்திருந்தன. சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்; சேகரத்துக்குச் சேகரம் வேறு கதை. வெளியூர்க்காரருக்குக் கிறிஸ்தவர் என்று ஒரே கூட்டமாகத் தெரிவது, உள்ளே போனால் சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே, அதற்குள் சாதி, அதற்குள் அணி. ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது அடிதான் வலித்தது. நீலம் போட்ட ஒரு தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நீங்கள் வருவீர்கள் என்று இருந்தோம் அண்ணாச்சி. அவர் அப்பா எங்கள் மாமாவுக்குப் பழக்கம். அடுத்த தெரு வரைக்கும் வந்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். எங்கள் ஓட்டு வேண்டாம் என்றுதானே அர்த்தம்?”

அந்தத் தெருவில் அதுவரை அவர் கிறிஸ்தவர் என்பது ஒரு பேச்சாகவே இல்லை. வண்டியைத் திருப்பிய நாளில்தான் பேச்சானது. அவரது மதத்தை அவர்களுக்கு நினைவூட்டியது எதிர்க்கட்சி இல்லை, என் நீலப் பென்சில். நான் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை, அதன்பின் பேசவும் இல்லை.

தன் மதத்தாரைத் தானாகவே தூக்கிவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் பக்கத்துக் குமரி மாவட்டத்தின் 1969ஐப் பார்க்கலாம். எம்.பி.யாக இருந்த நேசமணி மறைந்ததால் வந்த நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தல். கிறிஸ்தவர்கள் நிறைந்த அந்தத் தொகுதியில் கிறிஸ்தவரான மத்தியாசை எதிர்த்து நின்று வென்றவர் காமராஜர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1967இல், சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றவர் அவர்.

சாதிச் சான்றிதழையும் சபையையும் ஒப்பிடுவது

சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், தென்காசி மக்களவை ஆகியவை பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேறு மதத்தவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியத் தலித் ஒருவர் அங்கே வேட்பாளராகவே நிற்க முடியாது. மக்கள் ஏற்பார்களா என்ற கேள்வி வாக்குச்சாவடிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்த ஊர்களில் “சாதிச் சான்றிதழில் என்ன, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள்?” என்று வினாத்தாளோடு போய்க் கேட்காதீர்கள். பதிலால் உங்களுக்கு ஒரு கட்டம் நிறையும், அவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பும் வேலையும் ஆட்டம் காணும்.

நேராகக் கேட்பது

“வேறு மதத்துத் தலைவரை ஏற்பீர்களா?” என்று கேட்டால், “சேச்சே, நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை” என்றுதான் வரும். அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937 முதல் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டு வருகிறது, அதுவும் ‘உங்கள் கட்சியே தகுதியான அப்படி ஒருவரை நிறுத்தினால்’ என்று சுற்றிவளைத்து. நான் “உங்கள் தெருவில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?” என்று கேட்பேன். தெருவின் பெயரில் தன் மனதைச் சொல்லிவிடுவார்கள். யாருக்கு ஓட்டு என்பதை வாயால் கேட்பதே இல்லை. மாதிரி வாக்குச்சீட்டும் ஒரு சிறு பெட்டியும் கொண்டுபோவேன். சீட்டை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்துவிட்டுப் போடுகிறவர்கள், சற்று முன் வாயால் சொன்னதற்கு வேறாகக் குத்தியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கேட்பவர் யார் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். சிலுவைச் சங்கிலி போட்ட பையனுக்கு ஒரு பதில், குங்குமம் வைத்த பெண்ணுக்கு வேறு பதில்.

‘நல்லா செய்கிறார்’ என்பதை ஓட்டாக எண்ணுவது

இந்தோனேசியாவின் ஜகார்த்தா, 2017. சீன வம்சாவளிக் கிறிஸ்தவரான ஆளுநர் அஹோக்கின் வேலையில் பத்தில் ஏழு பேர் அளவுக்குத் திருப்தி என்று கணிப்புகள் சொல்லின. ஏப்ரலில் நடந்த ஆளுநர் தேர்தலின் இறுதிச் சுற்றில் கிடைத்தது 42 சதவீதம். அவர்மீது மதநிந்தனை வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

மேடைக்கு மத வசனம் எழுதித் தருவது

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123(3). வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘பிஷப் சொன்னார், ஜமாத் சொன்னது’

சொல்லியிருக்கலாம். அவர்கள் வீட்டிலாவது கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

தூரத்தில் நின்று சடங்கைப் படிப்பது

ஒரு கோயில் கொடை. கிறிஸ்தவ வேட்பாளர் வந்தார், பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். அவர் இரண்டு கைகளையும் குவித்து வாங்கினார், நெற்றியில் இடவில்லை. சட்டைப்பையிலிருந்த ஒரு துண்டுத்தாளில் கொட்டி மடித்து, அதே பையில் வைத்துக்கொண்டார். என்னோடு வந்திருந்த தம்பி உடனே கைபேசியில் ‘திருநீறு மறுப்பு, இந்து ஓட்டு சரிவு’ என்று தட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

நான் திண்ணையில் உட்கார்ந்தேன். பெரியவர் ஒருவர்தான் ஆரம்பித்தார். “பூசவில்லை, சரி. சிந்தாமல் மடித்து வைத்தாரா இல்லையா? போன தடவை ஜெயித்தவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டுதான் போனார். தண்ணீர்த் தொட்டிக்காக ஏழு தடவை நடந்துவிட்டோம்.”