எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள்

பின்னறையில் வைஃபை வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் "ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டு, சரியாகிவிடும்" என்பார்கள். ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி வீசும் பெட்டி அது. நானும் மாட்டினேன். போனில் கோடுகள் நிறைந்தன, வேகம் மட்டும் வந்தபாடில்லை. அந்தப் பெட்டி இப்போது மேஜை டிராயரில் தூங்குகிறது. கடைசியில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது, ரவுட்டரை டிவி அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்ததுதான், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதனால் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு என்பது என் கட்சி: முதலில் அளப்பது, அப்புறம் நகர்த்துவது, அப்புறம் கேபிள், புதுப் பெட்டி வாங்குவது கடைசி.

அளப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி. குறை வைஃபையில்தானா? ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். கேபிள் செருக வழியில்லை என்றால் ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கில் (ரவுட்டர் பேசும் அலைவரிசைகளில் வேகமான ஒன்று) இணைந்து பாருங்கள். காலையில் ஒரு தடவை, எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்தில் ஒரு தடவை. அங்கேயே மந்தமாக இருந்தால் கோளாறு வெளியிலிருந்து வரும் லைனில் இருக்கிறது, இணைப்பு தருபவரைத்தான் பிடிக்க வேண்டும், வீட்டுக்குள் எதை எங்கே நகர்த்தினாலும் பலன் இருக்காது. ரவுட்டர் பக்கத்தில் பறக்கிறது, அறைக்குள் போனால் படுத்துவிடுகிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

சரி, அளப்பது. போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது சிக்னல் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்ற எண். அது எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 என்றால் பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ கால் தடுமாறாமல் ஓடும். 70-ஐத் தாண்டினால் இழுக்க ஆரம்பிக்கும், 80-க்குப் போனால் இணைந்திருப்பது பேருக்குத்தான். இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 3 குறைந்தால் (மைனஸ் 60, மைனஸ் 63 ஆனால்) சிக்னல் பாதியாகிவிட்டது என்று அர்த்தம், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆக, 60-க்கும் 70-க்கும் இடையில் பெரிய வித்தியாசமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டு போனுக்கு வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச ஆப்கள் கிடைக்கும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பை ஏற்றி, போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான பகுதிக்குப் போய் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே மேலே இருக்கும் வைஃபை ஐகானைத் தட்டினால் எண், சேனல், இரைச்சல் அளவு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கிறுக்கிக்கொள்ளுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. போனுடன் ஒவ்வொரு அறையிலும் நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்துக்குப் போய், அரை நிமிடம் அசையாமல் நின்று, எண் ஏறி இறங்கி அடங்கியதும் எழுதுங்கள். ரவுட்டருக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அதுவே சிக்னலைக் கொஞ்சம் குடித்துவிடும். என் தாளில் ஹாலில் 52, சமையலறையில் 63, படுக்கையறையில் 79 என்று இருந்தது. (மைனஸ் எழுதவில்லை, சோம்பல்.) வேடிக்கை என்னவென்றால் தூரத்தில் இருப்பது சமையலறை, படுக்கையறை ஆறு மீட்டருக்குள் இருக்கிறது. வரைபடத்தில் ரவுட்டரிலிருந்து கட்டிலுக்கு ஸ்கேலை வைத்து நேர்கோடு இழுத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: கோடு சரியாக, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோவின் நடுவயிற்றில் ஏறிப் போனது.

உங்கள் வரைபடத்திலும் இப்படிக் கோடு இழுத்துப் பாருங்கள், அதன் பாதையில் என்ன நிற்கிறது என்று பார்ப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. மரக்கதவையும் ஜிப்சம் தடுப்பையும் சிக்னல் சுலபமாகக் கடந்துவிடும். செங்கல் சுவர் கொஞ்சம் தின்னும். கம்பி கட்டிய கான்கிரீட் நிறையவே தின்னும். இரும்பு, ஃப்ரிட்ஜ், உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி இவை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும், மீன்தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் விழுங்கிவிடும். சுவரை நேராகக் கடப்பதும் சாய்வாகக் கடப்பதும் ஒன்றல்ல, சாய்ந்து போகும் சிக்னலுக்கு அதே சுவர் இன்னும் தடிமன்.

இப்போது ரவுட்டரை எடுத்து அந்தக் கோட்டிலிருந்து தப்பிக்க வையுங்கள். கூடுமானவரை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், நெஞ்சு உயரத்துக்கு மேல். டிவிக்குப் பின்னால் வேண்டாம், அலமாரிக்குள் வேண்டவே வேண்டாம். அழகாக இல்லை என்று வீட்டில் முணுமுணுப்பு வரும், அதை நீங்கள்தான் சமாளித்துக்கொள்ள வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 12 சென்டிமீட்டர் அளவுதான், எதிரொலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் ரவுட்டர் உட்கார்ந்திருந்தால் ஒரு சாண் தள்ளினாலே எண் மாறும். அதனால் ஓர் இடத்தில் சரிவரவில்லை என்றால் உடனே கைவிடாமல் இப்படி அப்படிக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.

ஆண்டெனாவில் எல்லோரும் செய்யும் தவறு, அதன் நுனியைச் சிக்னல் வேண்டிய அறையைப் பார்த்து நீட்டுவது. குச்சி ஆண்டெனா நுனி வழியாக அல்ல, பக்கவாட்டில்தான் வீசும், குச்சியை அச்சாக வைத்து சைக்கிள் டியூப் மாட்டியது போல. நுனி காட்டும் திசைதான் இருப்பதிலேயே பலவீனமானது. ஒரே தளம் என்றால் எல்லாம் செங்குத்தாக நிற்கட்டும், மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்கப் போட்டுப் பாருங்கள்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். மைக்ரோவேவ் அவன் வேலை செய்வதே 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அருகில்தான், அது சுற்றும் இரண்டு நிமிடமும் 2.4 பக்கம் தள்ளாடும். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், இது பலருக்குத் தெரியாது.

அடுத்து செட்டிங்ஸ். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் சுவர்களைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 6 ஜிகாஹெர்ட்ஸ் அதைவிடவும் சோர்வு, அநேகமாக ரவுட்டர் இருக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும்தான். ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட பாதைகளாகப் பிரிந்திருக்கும். 2.4-ல் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். காலியாக இருக்கிறதே என்று 3-இல் போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருந்து முறைவைத்துப் பேசும், 3-இல் உட்கார்ந்தால் 1-லும் 6-லும் பேசுவது பாதி பாதி காதில் விழுந்து வெறும் இரைச்சலாகிவிடும். 5-இல் நெட் திடீர் திடீரென்று ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பி வந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை பல நாடுகளில் ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் சேனல்கள், ரேடார் சிக்னல் கேட்டதாகத் தோன்றினால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும். 36 முதல் 48-க்குள் மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

டிரான்ஸ்மிட் பவரை, அதாவது ரவுட்டர் சிக்னலை வீசும் பலத்தை, உச்சத்துக்கு ஏற்றினால் போதுமே என்று தோன்றும். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் ஒலிபெருக்கி வைத்துக் கத்தலாம், போன் வெறும் வாயால்தானே பதில் சொல்ல வேண்டும்? அது ரவுட்டருக்குக் கேட்காவிட்டால் நாலு கோடு நின்றும் பக்கம் திறக்காது.

நகர்த்தியும் மாற்றியும் ஓர் அறை மட்டும் மசியவில்லை என்றால் அதற்குக் கேபிள்தான் மருந்து. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. கேட் 5இ என்ற சாதாரண லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் வேகம் தாங்கும், எந்த வீட்டுக்கும் அது மிச்சம். தட்டைக் கேபிள் என்றால் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவிடலாம். மறுமுனையில் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக வீசும் வேலை மட்டும்) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

இல்லாவிட்டால் கையால் செய்யலாம். பழைய ரவுட்டரை வீட்டு நெட்டில் சேர்க்காமல், லேப்டாப்புடன் மட்டும் கேபிளில் இணைத்து அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள். முதலில் அதன் லேன் முகவரியை (வீட்டு நெட்டுக்குள் அதன் அடையாள எண்) மாற்றுங்கள்: மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2, மெயின் ரவுட்டர் வேறு கருவிகளுக்கு இந்த எண்ணைக் கொடுக்காதபடி அதன் பட்டியலுக்கு வெளியே ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. சேமித்ததும் பக்கம் அறுந்துவிடும், பயப்படாமல் புது முகவரியில் மறுபடி நுழையுங்கள். அப்புறம் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் மெயின் ரவுட்டரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள், சேனலை மட்டும் வேறாக வையுங்கள், அது 1 என்றால் இது 11. கடைசியாக, கருவிகளுக்கு முகவரி எண் கொடுக்கும் டிஎச்சிபியை இந்தப் பழைய ரவுட்டரில் அணையுங்கள். இதை மறந்தால் ஒரே தெருவுக்கு இரண்டு பேர் கதவு எண் கொடுத்த கதையாகி, பாதிக் கருவிகள் நெட் இல்லாமல் திண்டாடும். இப்போது மெயின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும், வெளி லைனுக்கான வேன் துளையில் அல்ல, நான் முதல் தடவை அங்கே செருகிவிட்டு ஒரு மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

கேபிள் இழுக்கவே முடியாத வீடு என்றால் பவர்லைன் அடாப்டர், அது மின்சாரக் கம்பி வழியாகவே நெட்டைக் கடத்தும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும், அப்படியும் பலன் அந்த வீட்டு வயரிங்கைப் பொறுத்தது.

இனி எக்ஸ்டெண்டர். அது ஏன் ஏமாற்றுகிறது என்றால், பல மாடல்களில் அது ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது, ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு தடவை போகிறது, வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. அதோடு நாம் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டுகிறோம். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? மாட்டத்தான் வேண்டும் என்றால் பாதி வழியில், உங்கள் தாளில் 60, 65 இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். மெஷ், அதாவது ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து வேலை செய்யும் பல பெட்டிகள், அதைவிட நல்லது, தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும் தனி ரேடியோ வைத்திருக்கும் மாடல் என்றால் இன்னும் நல்லது, அவற்றுக்கிடையே கேபிளும் போட்டுவிட்டால் வேறு பேச்சே இல்லை. ஆனால் சின்ன வீட்டுக்கு நாலைந்து பெட்டி வேண்டாம், ஒன்றின் குரலை மற்றது அமுக்கும்.

இரண்டு பெட்டிகள் வந்ததும் ஒரு புதுப் புகார் கிளம்பும்: படுக்கையறைப் பெட்டி பக்கத்திலேயே இருக்க, போன் ஹால் ரவுட்டரையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது விடுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது, நாம் உத்தரவு போட முடியாது. ஹால் ரவுட்டரின் பவரை ஒரு படி இறக்குங்கள், பிடி தளர்ந்து தானாக இங்கே வரும். ஒரே ஒரு கருவி மட்டும் எங்கே போனாலும் மந்தம் என்றால், அதே இடத்தில் வேறொரு போனை வைத்துப் பாருங்கள். 2.4 மட்டுமே தெரிந்த பழைய லேப்டாப்புக்காக வீட்டையே புரட்ட வேண்டியதில்லை.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய தாளை எடுத்து, அதே இடங்களில் நின்று, பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள். ரவுட்டர் அலமாரியிலிருந்து வெளியே வந்து பீரோவின் கோட்டிலிருந்து விலகியதும் என் தாளில் படுக்கையறை 79-லிருந்து 66 ஆனது, கட்டிலருகே பழைய ரவுட்டர் வந்ததும் 45. குளியலறை இன்னும் 77-லேயே நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.